சங்குமுனை வடிகட்டி

பன்னிரண்டாவது முறையும் கம்பைல் ஆகவில்லை.

'சுற்று கண்டறியப்பட்டது' என்று திரையில் சிவப்பு எழுத்து. எங்கே சுற்று, எந்தக் கோட்டில் சுற்று என்று சொல்லும் நாகரிகம் அந்த மென்பொருளுக்குக் கிடையாது. சீர் குறைந்துபோன சம்பந்தியம்மாள் மாதிரி முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. என்ன குறை என்று நாம்தான் தேடிக் கண்டுபிடித்துக் காலில் விழ வேண்டும்.

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். பதினான்கு வருடமாக ஒலி வடிவமைப்பு வேலை பார்க்கிறாள். முன்பெல்லாம் ஒரு மண்டபத்துக்கு ஒலி அமைப்பதென்றால் பெட்டி, கம்பி, ஏணி, நாலு ஆள் என்று அதுவே ஒரு கல்யாண வேலை. ஒலிபெருக்கித் தடைச் சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. இப்போது எல்லாம் திரைக்குள்ளே. பொதுக்கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் இரண்டு காதிலும் காதுப்பொட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பொட்டுதான் அவருக்கு மைக், அதுவேதான் ஸ்பீக்கர். வெளியிலிருந்து நேராக வரும் சத்தத்தை அது அழித்துவிடும். அதன் பிறகு யார் பேச்சு யார் காதுக்குப் போகும், எவ்வளவு உரக்கப் போகும் என்பதெல்லாம் ஜெசிந்தா மாதிரி ஒருத்தி திரையில் கட்டங்களை அடுக்கிக் கோடு இழுக்கிற இழுப்பில் இருக்கிறது.

போன் அடித்தது. முதலாளி குணாளன்.

"என்ன ஜெசி, முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருந்தா நானே கூப்பிட்டிருப்பேன் சார். நேத்து சாயங்காலம் நீங்க புதுசா சேக்கச் சொன்ன பதிவேட்டுக் கோடுதான் இடிக்குது."

"அது இல்லாம முடியாதும்மா. கூட்ட அலுவலர் காதுல என்ன விழுதோ அதேதான் பதிவேட்டுலயும் ஏறணும். மெஷினே கேட்டு, மெஷினே எழுதிக்கும். ஒரு எதிர்ப்பு, ஒரே ஒரு எதிர்ப்பு பதிவேட்டுல ஏறிட்டாலும் திட்டத்தத் திரும்ப ஆய்வுக்கு அனுப்பணும். ஏறலன்னா அனுமதி. அவ்வளவு முக்கியம்."

ஜெசிந்தாவுக்கு அது தெரியாதா என்ன! கூட்டம் நடக்கப்போவது சங்குமுனையில், அவள் பிறந்த ஊரில். அங்கே ஒரு தனியார் சரக்குத்துறை வருகிறது. இரண்டு கிலோமீட்டர் கரையை மதில் வைத்து அடைப்பார்கள். வள்ளம் ஏற்ற இடமில்லாமல் ஊர் என்ன செய்யும் என்பதைத் திட்ட அறிக்கையின் நானூறு பக்கத்தில் ஒரு பக்கமும் சொல்லவில்லை. மக்கள் கருத்தைக் கேட்பதற்குத்தான் இந்தக் கூட்டம். வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், வேறு எவனாவது அரைகுறையாகச் செய்துவிட்டால் என்ற பயத்தில் தானே வாங்கிக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் குணாளன். அவர் எப்போதும் இன்னொன்று வைத்திருப்பார். "போன மாசம் வேற ஊர்ல நடந்த கூட்டம் ஒரே கூச்சலாம். அலுவலர் பேசினது அவருக்கே கேக்கலையாம். பதிவேட்டுல நாப்பது பக்கத்துக்கு 'புரியவில்லை, புரியவில்லை'ன்னே இருக்கு. இந்தத் தடவ இரைச்சல் வடிகட்டி வலுவா இருக்கணும்."

"எது இரைச்சல்னு வடிகட்டிக்கு நாமதான் சார் கத்துக்கொடுக்கணும். மென்பொருளோட கூடவே வர்ற மாதிரிச் சத்தமெல்லாம் ஃபேன் சத்தமும் மழைச் சத்தமும்தான்."

"அப்ப நீயே ஒரு நல்ல சத்தமாப் புடிச்சுக் குடு."

பதிவேட்டுக் கோடு, எல்லாக் குரலும் வந்து சேரும் கலவைக் கட்டத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்ததை அன்று மத்தியானம் கண்டுபிடித்தாள். கையால் இழுத்த கோடு, கண்ணெதிரே இருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் நல்ல சத்தம் எது என்பதும் மனதில் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்து சங்குமுனை ஏலக்கூடத்தை மிஞ்சிய சத்தம் உலகத்தில் கிடையாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரிக்கார்டரோடு போய் நின்றாள். ஐஸ் பெட்டிகள் சிமென்டில் உரசுகிற சத்தம், காக்கை, வண்டி, அத்தனைக்கும் மேலே பெண்கள். அவள் அண்ணன் மனைவி சூசம்மாள் கூட்டத்துக்கு நடுவே கூடையோடு நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தாள். சூசம்மாளுக்கு எட்டூருக்குக் கேட்கிற தொண்டை. அவள் விலை சொன்னால், அதற்கு மேல் கேட்பவர்கள் ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டுத்தான் கேட்பார்கள்.

"ஏட்டி, காலங்காத்தால இங்கன என்ன செய்யுத?"

"உங்க சத்தத்தப் பதிய வந்திருக்கேன் மைனி. மெஷினுக்கு ஒரு பரீச்சை வைக்கணும். இந்தச் சத்தத்துக்கு நடுவுலயும் ஒருத்தர் பேசுறது தெளிவாக் கேட்டுட்டா, பொறவு எங்க வச்சாலும் கேக்கும்."

"இது உன் வேலைக்கா?"

"வேலைக்குத்தான்."

சூசம்மாள் திரும்பினாள். "ஏ, எல்லாரும் கேளுங்க! நம்ம ஜெசிக்கு வேலைக்கு நம்ம சத்தம் வேணுமாம். இன்னைக்கு ஒருத்தியும் வாயப் பொத்தக் கூடாது, சொல்லிட்டேன்!"

கேட்க வேண்டுமா? வழக்கமாக இருபது நிமிடத்தில் முடிகிற ஏலத்தை அன்றைக்கு நாற்பது நிமிடம் இழுத்தார்கள். விளமீனுக்குச் சண்டை, நண்டுக்குச் சண்டை, ஒன்றுமில்லாத சாளைக்கும் சண்டை. அதிகம் வாய் திறக்காத லூர்துமேரிகூட, ரிக்கார்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று வேண்டுமென்றே அடித்தொண்டையில் கத்திவிட்டு, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு ஓடினாள். ஜெசிந்தாவுக்கு வாயெல்லாம் பல். பத்து நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்த நாற்பது நிமிடத்தையும் 'இரைச்சல்' என்ற பெட்டியில் போட்டு வடிகட்டிக்குப் படிக்கக் கொடுத்தாள். அது ஒரு ராத்திரியும் ஒரு பகலும் படித்தது. பிறகு ஒத்திகை. திரைக்குள் ஒரு மண்டபம், அதற்குள் அறுநூறு நிழல் மனிதர்கள். அத்தனை பேருக்கும் ஏலக்கூடத்துச் சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டு, நடுவில் அலுவலர் பேச்சை ஓடவிட்டாள். அவர் பேச்சு பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவது போலக் கேட்டது. மற்றது ஒன்றுமே கேட்கவில்லை. குணாளன் போனிலேயே கை தட்டினார்.

கூட்ட அலுவலர் சிதம்பரதாணு வந்து பார்த்துத் திருப்திப்பட்டு, வடிவமைப்புக்கு முத்திரை வைத்தார். முத்திரை வைத்துவிட்டால் கூட்டம் முடியும்வரை யாரும் ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. பணம் படைத்தவன் நடுவில் புகுந்து வேண்டாதவர் குரலை அறுத்துவிடக் கூடாது என்று, நல்ல எண்ணத்தில்தான் அந்த விதியை எழுதியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்களில் பாதிப்பேர் கடலிலிருந்து திரும்பவில்லை. வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். எல்லார் காதிலும் பொட்டு. ஜெசிந்தா மூலையில் தன் திரையோடு உட்கார்ந்திருந்தாள். சரக்குத்துறை அதிகாரி நாற்பது நிமிடம் படம் காட்டிப் பேசினார். பிறகு டவுனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், வேலைவாய்ப்பு பெருகும் என்று ஆதரித்துப் பேசினார். அவருடைய மூச்சிரைப்புகூடத் துல்லியமாகக் கேட்டது. ஜெசிந்தாவுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து சூசம்மாள் எழுந்தாள்.

வாய் அசைந்தது. கை கடலைக் காட்டியது, பிறகு மேடையைக் காட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஜெசிந்தாவின் காதில் ஒன்றும் விழவில்லை.

பொட்டைக் காதுக்குள் அழுத்திப் பார்த்தாள். இல்லை. சூசம்மாளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள், பின்னால் பத்துப் பேர், ஓரத்தில் நின்ற ஆண்கள். அறுபது எழுபது வாய் அசைந்தது. மண்டபம் ஆளில்லாத கோயில் போல இருந்தது. பேசுகிறவர்களுக்குத் தன் குரல் தன் மண்டைக்குள் கேட்கும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவள் மட்டும் ஏன் சும்மா வாயை அசைக்கிறாள் என்று ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள்.

"வேறு யாராவது கருத்துச் சொல்ல விரும்புகிறீர்களா?" சிதம்பரதாணு கனிவாகக் கேட்டார். "பயப்பட வேண்டாம். தயங்காமல் சொல்லலாம்."

ஜெசிந்தா கட்டம் கட்டமாகத் திறந்து பார்த்தாள். உள்வாங்கும் கட்டத்தில் முள் சிவப்பைத் தொட்டு ஆடியது, குரல் வருகிறது. அடுத்த கட்டமும் சரி. வடிகட்டிக்குள் போகும்போது முழுசாக இருந்தது, வெளியே வரும்போது பூஜ்யம். ஒப்பிக்கச் சொன்ன பாடத்தை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி, வடிகட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டியை விட்டுவிட்டது, காக்கையை விட்டுவிட்டது. கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஊர்த் தொண்டைகளை. அவர்கள் குரல் ஏறும் விதத்தை, மூச்சு நீளும் நீளத்தை, ஒருத்தி முடிக்குமுன் ஒருத்தி தொடங்கும் பழக்கத்தை.

எழுந்து மேடைக்கு ஓடினாள். அலுவலர் தன் பேச்சு மண்டபத்துக்குப் போவதை நிறுத்திவைத்துவிட்டுக் குனிந்தார்.

"சார், அவங்க எல்லாரும் பேசுறாங்க. வடிகட்டி முழுங்குது. ஒரு நிமிஷம் முத்திரையத் திறந்து விடுங்க, அத மட்டும் எடுத்துடறேன்."

"முடியாதும்மா."

"உங்க கண்ணு முன்னாலதான சார் கத்துறாங்க!"

"கண்ணால கண்டது பதிவேட்டுல ஏறாதும்மா. முத்திரை போட்ட பொறவு நான் தொட்டா, கம்பெனிக்காரன் நாளைக்கே கோர்ட்டுக்குப் போவான். எனக்கும் வேலை போகும், கூட்டமும் போகும்."

"அப்ப பொட்டக் கழத்தச் சொல்லட்டா? நேராக் கேட்டுக்குங்க."

"பொட்டக் கழத்துனா வெளிநடப்புன்னு பதிவாகும். தெரிஞ்சுதான கேக்கறீங்க?"

தெரியும். அந்தக் கட்டத்தையும் அவள்தான் போட்டிருந்தாள். ஆத்திரத்தில் மேசையை ஓங்கிக் குத்தினாள். அந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை.

ஓடிவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒலி அமைப்பாளர் அவசரத்துக்கு யாருடைய காதிலும் தனியாகப் பேச ஒரு வழி உண்டு. நல்லவேளை, அதை முத்திரை தடுக்காது. சூசம்மாளின் பொட்டைத் தேர்ந்தெடுத்தாள். அமைப்பாளருக்கு வெளிநடப்புக் கணக்கு கிடையாது; தன் காதுப்பொட்டுகளைக் கழற்றிவிட்டுத் திரையின் மைக்கில் பேசக் குனிந்தாள். கழற்றியதும் மண்டபத்தின் நிஜச் சத்தம் அவள் முகத்தில் அறைந்தது.

"மைனி, நான் ஜெசி. நீங்க பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல. மெஷின் உங்க சத்தத்தத் தள்ளுது. மெதுவாப் பேசிப் பாருங்க."

சூசம்மாள் திடுக்கிட்டு மூலையைப் பார்த்தாள். மெதுவாகப் பேசினாள். வடிகட்டிக்கு வெளியே முள் அசையவில்லை.

"இன்னும் மெதுவா மைனி. வேற மாதிரி."

"வேற மாதிரின்னா எப்புடிட்டி? எனக்கு இருக்கது ஒரு தொண்டதான!" மண்டபத்தின் மறுகோடியிலிருந்து அவள் கத்தியது ஜெசிந்தாவின் வெறுங்காதுக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு ஏதோ யோசித்தவள் போல நின்றாள். சேலை முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடிட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் மன்றாட்டு வாசிக்கிற குரலில், ஒரே தட்டையாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு ஆரம்பித்தாள்.

"எங்கள் வள்ளங்கள் ஏறும் கரையை மதில்வைத்து அடைக்காதிருக்கும்படியாக."

முள் துள்ளியது. மண்டபத்தில் அறுநூறு தலை ஒன்றாகத் திரும்பியது.

பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கேட்டதுமே கை கூப்பி, முக்காடிட்டு, பதில் சொன்னார்கள். "ஐயா, எங்கள் சொல்லைக் கேளும்."

"மதில் வந்தால் அலை திரும்பி வடக்குத் தெருவின் வீடுகளைத் தின்னாதிருக்கும்படியாக."

"ஐயா, எங்கள் சொல்லைக் கேளும்."

"அறிக்கையில் எங்கள் ஊரில் மீன்பிடித்தல் நடைபெறவில்லை என்று எழுதியவர், ஒரு நாளாவது காலையில் வந்து பார்க்கும்படியாக."

ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொடுத்தாள். சினை மீன் ஒதுங்குகிற கடலடிப் பாறைத் திட்டைப் பற்றி ஒருத்தி, கடன் வாங்கிக் கட்டிய ஐஸ் கூடத்தைப் பற்றி ஒருத்தி. இருபத்தைந்து நிமிடம். நானூறு பக்கத்தில் இல்லாதது எல்லாம் அதில் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. அதற்கு அந்த ராகத்தில் இடம் கிடையாது. சிதம்பரதாணு குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அழுதாள். வென்றுவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஒரு மணிக்குப் பதிவேடு அச்சாகி வந்தது. மெஷின் தானே கேட்டுத் தானே எழுதியது, ஒரே பக்கம்.

திட்ட விளக்கம், நாற்பது நிமிடம். ஆதரவுக் கருத்து, ஒன்று. பொதுமக்கள் இறைவணக்கம், இருபத்தைந்து நிமிடம். எதிர்ப்பு, இல்லை.

ஜெசிந்தா அதை மூன்று முறை படித்தாள். கிழித்துப் போடலாம் என்று வந்தது. கிழித்தால் இன்னொன்று அச்சாகும்.

"நான் என் காதால கேட்டேன்மா," என்றார் சிதம்பரதாணு.

"அப்ப எழுதுங்க சார். உங்க கையால எழுதுங்க."

"பதிவேட்டுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்குத்தான் ஒரு வழி இருக்கு. ஒலி அமைப்பு பழுதில்லாம ஓடுச்சுன்னு நீங்க சான்று குடுத்தாத்தான் கூட்டம் செல்லும். பழுதுன்னு போட்டீங்கன்னா, நாப்பது நாள்ல மறுபடி நடத்தியாகணும்."

படிவத்தைத் திறந்தாள். 'பழுது உண்டு' என்று தொட்டதும் காரணம் கேட்டது. மின்தடை, இணையத் தடை, கருவிக் கோளாறு, வடிவமைப்பாளர் பிழை. முதல் மூன்றையும் மெஷின் தானாகவே சரிபார்த்துப் பொய் என்று சொல்லிவிடும். நாலாவதைத் தொட்டால் மூன்று வருடத்துக்கு உரிமம் ரத்து.

குணாளன் போனில் கெஞ்சினார். "அவசரப்படாத ஜெசி. பதினாலு வருஷம்மா. வேற ஏதாவது பண்ணலாம், வக்கீல் வச்சுப் பாக்கலாம்."

"எது இரைச்சல்னு நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன். மெஷின் மேல தப்பே இல்ல," என்று சொல்லிவிட்டு நாலாவதைத் தொட்டாள்.

அன்று சாயங்காலம் சூசம்மாள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சூசம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"தொண்ட கிழிய நாப்பது நிமிசம் கத்துனோம்லா, உனக்காண்டி. அத வச்சே எங்க வாயக் கெட்டிட்டியே ஜெசி."

ஜெசிந்தா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு மீன் சட்டியில் ஊற்றிக்கொடுத்தாள்.

"சரி, போட்டும். நாப்பது நாளு இருக்குல்லா? மறுகூட்டத்துல அந்தச் சல்லடை இல்லாம பாத்துக்கலாம்," என்றாள் சூசம்மாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் சோறு போட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

சாப்பிடும்போது குணாளன் கூப்பிட்டார்.

"உன் மேல கோவமில்லம்மா. மறுகூட்டத்துக்கு வேற வடிவமைப்பாளர் போட்டாச்சு. நல்ல பையன். மென்பொருளோட பொது நூலகத்துலருந்து தயார் வடிகட்டி எடுத்துக்கறேன்னுட்டான். நீ கவலப்படாத."

"எந்த வடிகட்டி சார்?"

அவர் கொஞ்சம் இழுத்தார். "இருக்கறதுலயே அதிக மதிப்பெண் வாங்கினது. உன்னோடதுதான். ஒத்திகை நல்லா வந்துச்சா, அன்னைக்கே நூலகத்துல ஏத்திட்டேன். உனக்குப் பேரு வரட்டுமேன்னு உன் ஊர் பேரையே வச்சேன். 'சங்குமுனை வடிகட்டி'. இந்த மூணு வாரத்துல முன்னூத்திப் பன்னெண்டு பேர் எடுத்திருக்காங்க."

"இப்பவே எடுத்துருங்க சார். நூலகத்துலருந்து உடனே எடுத்துருங்க!"

"எடுக்கறேன். ஆனா எடுத்துட்டுப் போனவங்கள என்னம்மா செய்ய முடியும்? எல்லாம் முத்திரை வச்சு ஓடிக்கிட்டிருக்கு."

போனைக் கீழே வைக்காமலே நூலகத்துப் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயர் மேலே பெரிதாக இருந்தது. கீழே வரிசையாகப் பயன்படுத்தியவர்கள். உப்பளத் தொழிலாளர் கூலிப் பேச்சு. துப்புரவுப் பணியாளர் குறைதீர் நாள். ஒரு நகராட்சியில் சந்தைக் கடைகளை அகற்றும் விசாரணை. குடிநீர் கேட்டு வந்த பெண்கள் சந்திப்பு. விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம், பக்கத்தில் ஒரு வரி.

"என்னட்டி, மூஞ்சி இப்புடி ஆயிட்டு? என்ன எழுதிருக்கு அதுல?" சூசம்மாள் கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"நம்ம வடிகட்டிய எடுத்தவங்க எழுதிருக்காங்க மைனி. எல்லாரும் வேற வேற ஊர்க்காரங்க. ஆனா ஒண்ணேதான் எழுதிருக்காங்க."

"என்னன்னு?"

"கூட்டம் அமைதியா நடந்துச்சாம்."